புது ஹார்ட் டிஸ்கில் பிளாக் அளவு: அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

டிஸ்க் வாங்கி, பார்ட்டிஷன் பிரித்து, ஃபார்மேட் போட்டு, இருக்கிற தரவை எல்லாம் ஏற்றி முடித்த பிறகுதான் பிளாக் அளவைப் பற்றிய சந்தேகம் பலருக்கு வருகிறது. அப்போது கைவைக்கவும் முடியாது. லினக்ஸின் ஃபைல்சிஸ்டம்களான ஈஎக்ஸ்டி4 ஆகட்டும், எக்ஸ்எஃப்எஸ் ஆகட்டும், ஒருமுறை போட்ட பிளாக் அளவு போட்டதுதான். மாற்ற வேண்டுமானால் தரவை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு மறுபடி ஃபார்மேட் செய்ய வேண்டும். அதனால் உங்கள் டிஸ்க் இன்னும் காலியாக இருந்தால் கீழே உள்ளதை முழுக்கப் படியுங்கள். நிரம்பிவிட்டது என்றால் உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 4096 பைட் பிளாக்கைத் தொடாதீர்கள். பிளாக் அளவின் மேல் போடப்படும் பழிகளில் பெரும்பாலானவை வேறு ஏதோ ஒரு எண்ணின் வேலை. அந்த எண்கள் எவை என்று தெரிந்துகொண்டால் போதும். டிஸ்க் கணினியோடு பேசும் அலகு செக்டர். ஃபைல்சிஸ்டம் கோப்புகளுக்கு இடம் ஒதுக்கும் அலகு பிளாக். விண்டோஸில் இதையே கிளஸ்டர் அல்லது அலொகேஷன் யூனிட் என்பார்கள். இயங்குதளத்தின் மையமான கர்னல் நினைவகத்தைக் கையாளும் அலகு பேஜ். இந்த மூன்றும் பல கணினிகளில் 4 கேபி என்றே வருவதால் ஒன்றை இன்னொன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறோம். நான்காவதாக ஐநோடு விகிதம் என்று ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு கோப்புக்கும் ஃபைல்சிஸ்டம் வைக்கும் பதிவுதான் ஐநோடு, எத்தனை பைட்டுக்கு ஒன்று என்பதுதான் விகிதம். அதை யாரும் கவனிப்பதே இல்லை, ஆனால் உண்மையில் யோசித்துப் போட வேண்டியது அதைத்தான்.

கட்டளைகளை உச்சரிக்கிறபடி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் சொல்கிறேன். ஃபார்மேட் கட்டளை எதுவானாலும் தட்டும் முன் டிஸ்கின் பெயரை இன்னொரு தடவை சரிபாருங்கள். எஸ்டிஏ, எஸ்டிபி இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

வாங்கிய அளவு வரவில்லை: 4 டிபி டிஸ்கில் 3.4தான் காட்டுகிறது

இந்த இழப்பு மூன்று இடங்களில் நடக்கிறது.

முதலாவது உண்மையில் இழப்பே அல்ல. டிஸ்க் தயாரிப்பாளர் 4 டிபி என்றால் 4 லட்சம் கோடி பைட். லினக்ஸில் டிஎஃப் மைனஸ் எச் கட்டளையும் விண்டோஸும் 1024-ஆல் வகுத்துக்கொண்டே போகும். அந்தக் கணக்கில் அது 3.64 டிபி. கடைக்காரரோடு சண்டை போட இதில் ஒன்றும் இல்லை.

இரண்டாவது, ஐநோடு அட்டவணை. ஈஎக்ஸ்டி4 ஃபார்மேட் ஆகும்போதே "இத்தனை கோப்புகள் வரலாம்" என்று கணக்குப் போட்டு அதற்கான இடத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிடும். வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு 16,384 பைட்டுக்கும் ஓர் ஐநோடு, ஒவ்வொன்றும் 256 பைட். 4 டிபி டிஸ்கில் இது ஏறக்குறைய 24 கோடியே 40 லட்சம் ஐநோடு. அதற்கான இடம் மட்டும் 62 ஜிபிக்கு மேல். வீட்டில் படமும் பாட்டும் போட்டுவைக்கும் டிஸ்கில் யார் 24 கோடி கோப்பு வைக்கப்போகிறார்கள்?

மூன்றாவது, ரூட்டுக்கு (லினக்ஸின் நிர்வாகிக் கணக்கு) என்று ஒதுக்கப்படும் 5 சதவீதம். டிஸ்க் நிரம்பினாலும் சிஸ்டம் மூச்சுவிட இடம் வேண்டும் என்பதற்காக வைத்தது. சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷனில் அது நியாயம். தரவு மட்டும் வைக்கும் 4 டிபி டிஸ்கில் 200 ஜிபியைச் சும்மா பூட்டிவைப்பதில் அர்த்தமில்லை.

மூன்றாவதை இப்போதே மீட்கலாம், ஃபார்மேட் தேவையில்லை: டியூன்2எஃப்எஸ் மைனஸ் எம் 1, அதற்கு அடுத்து பார்ட்டிஷன் பெயர். 5 சதவீதம் 1 ஆகிவிடும். டிஸ்க் மவுன்ட் ஆகி (சிஸ்டத்தோடு இணைந்து) பயன்பாட்டில் இருக்கும்போதே செய்யலாம், தரவுக்கு ஒன்றும் ஆகாது.

இரண்டாவதை ஃபார்மேட் போடும்போது மட்டுமே குறைக்க முடியும். எம்கேஎஃப்எஸ் கட்டளையில் மைனஸ் டி என்று கொடுத்து (டைப் என்பதன் முதலெழுத்து, பெரிய எழுத்தாக இருக்க வேண்டும்) லார்ஜ்ஃபைல் என்று எழுதுங்கள். 1 எம்பிக்கு ஓர் ஐநோடு என்று ஆகிவிடும். 4 டிபிக்கு 38 லட்சம் கோப்புகள் வரை இடம் இருக்கும், அட்டவணை 1 ஜிபிக்குள் அடங்கிவிடும். ஆக, பிளாக் அளவைத் தொடாமலே 60 ஜிபி கையில்.

லார்ஜ்ஃபைல்4 என்றும் ஒன்று உண்டு. அது 4 எம்பிக்கு ஓர் ஐநோடு. ஆசைப்பட்டு அதைப் போடும் முன் அடுத்த தலைப்பைப் பாருங்கள்.

இடம் நிறைய இருக்கிறது, ஆனால் "இடமில்லை" என்ற பிழை வருகிறது

டிஎஃப் மைனஸ் எச் போட்டால் பாதி டிஸ்க் காலி. ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பைக்கூட உருவாக்க முடியவில்லை. இப்போது டிஎஃப் மைனஸ் ஐ என்று போடுங்கள். ஐநோடு பயன்பாடு 100 சதவீதம் என்று நின்றால் விஷயம் முடிந்தது: ஐநோடு தீர்ந்துபோயிற்று.

4 டிபி டிஸ்கை லார்ஜ்ஃபைல்4 என்று ஃபார்மேட் செய்தால் கிடைப்பது ஒன்பதரை லட்சம் ஐநோடு. சினிமா வைக்க அது தாராளம். ஆனால் அதே டிஸ்கில் ஆறு மாதம் கழித்து ஒரு மெயில் சர்வரின் பேக்கப்போ, ஒரு வெப்சைட்டின் கேஷ் ஃபோல்டரோ வந்து உட்கார்ந்தால் ஒரே வாரத்தில் தீரும்.

தினசரி ஸ்னாப்ஷாட் எடுக்கும் பேக்கப் முறைகளில் இது இன்னும் நைசாக நடக்கும். ஆர்சிங்க் என்ற காப்பிக் கருவியை வைத்து ஹார்ட்லிங்க் (இருக்கிற கோப்புக்கே இன்னொரு பெயர்) போடும் முறையில், மாறாத கோப்புகளுக்குப் புது ஐநோடு செலவாகாது என்பது உண்மைதான். ஆனால் ஃபோல்டர்களை ஹார்ட்லிங்க் செய்ய முடியாது. ஒவ்வொரு நாளும் எல்லா ஃபோல்டரும் புதிதாகவே உருவாகும், ஒவ்வொன்றும் ஓர் ஐநோடை விழுங்கும். 20 ஆயிரம் ஃபோல்டர் இருக்கிற மரத்தை 40 நாள் ஸ்னாப்ஷாட் எடுத்தால், ஒரு கோப்புகூட மாறாவிட்டாலும் 8 லட்சம் ஐநோடு போய்விடும்.

ஈஎக்ஸ்டி4-இல் ஐநோடை மட்டும் தனியாகக் கூட்ட வழியில்லை. பார்ட்டிஷனுக்குப் பின்னால் காலி இடம் இருந்து, அதைச் சேர்த்து ரீசைஸ்2எஃப்எஸ் ஓட்டினால் அந்தக் கூடுதல் இடத்துக்கு உரிய ஐநோடு அதே விகிதத்தில் வரும். இல்லையென்றால் பழைய ஸ்னாப்ஷாட்களை அழித்துத் தற்காலிகமாகச் சமாளித்து, பிறகு மறு ஃபார்மேட்தான்.

மறுபடி போடும்போது விகிதத்தை ஊகிக்காதீர்கள், அளந்து பாருங்கள். பழைய டிஸ்கில் டிஎஃப் காட்டும் பயன்பாட்டு பைட்டை, டிஎஃப் மைனஸ் ஐ காட்டும் பயன்பாட்டு ஐநோடால் வகுத்தால் ஒரு கோப்பின் சராசரி அளவு வந்துவிடும். 400 ஜிபியில் 80 லட்சம் ஐநோடு என்றால் சராசரி 50 ஆயிரம் பைட். வழக்கமான 16,384 விகிதமே போதும். சராசரி 16 ஆயிரத்துக்கும் கீழே போனால் இடம் தீருவதற்கு முன் ஐநோடு தீரும். அப்போது எம்கேஎஃப்எஸ்-க்கு மைனஸ் ஐ 8192 கொடுங்கள். 4096-க்குக் கீழே போக வேண்டாம். பிளாக் அளவைவிடச் சின்ன விகிதத்தால் எந்தப் பயனும் இல்லை.

இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு எக்ஸ்எஃப்எஸ் நல்ல தேர்வு. அது ஐநோடைத் தேவைப்படும்போதுதான் உருவாக்கும். ஒரே குறை, எக்ஸ்எஃப்எஸ் பார்ட்டிஷனைப் பெரிதாக்கலாம், நடைமுறையில் சிறிதாக்க முடியாது.

300 எம்பி ஃபோல்டரை காப்பி செய்தால் 12 ஜிபி ஆகிறது

இது அசல் பிளாக் அளவுப் பிரச்சினை. பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல்சிஸ்டம் போட்ட டிஸ்கில் வரும்.

விண்டோஸில் 32 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்கை எக்ஸ்ஃபேட் என்று ஃபார்மேட் செய்தால், நீங்கள் ஒன்றும் மாற்றாதவரை கிளஸ்டர் 128 கேபி. எந்தக் கோப்பும் முழு கிளஸ்டராகத்தான் இடம் பிடிக்கும். 3 கேபி கோப்பும் 128 கேபி எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு லட்சம் சின்னக் கோப்புகள் (நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர் வைத்திருக்கும் புரோகிராமர்களுக்கு இது ஒரு பெரிய எண்ணே அல்ல) இருந்தால் அசல் தரவு 300 எம்பி, டிஸ்கில் பிடிக்கும் இடம் 12 ஜிபிக்கு மேல். அதே கோப்புகள் 4 கேபி பிளாக்கில் 400 எம்பிக்குள் முடிந்துவிடும்.

உறுதிப்படுத்த, விண்டோஸில் ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். "அளவு" ஒன்று, "டிஸ்கில் அளவு" ஒன்று என்று இரண்டு வரி இருக்கும். இரண்டுக்கும் நடுவே மலையளவு வித்தியாசம் இருந்தால் கிளஸ்டர்தான் காரணம். லினக்ஸில் டியூ கட்டளையை வெறுமனே ஒருமுறை, அப்பரென்ட்-சைஸ் தேர்வோடு ஒருமுறை ஓட்டி ஒப்பிடுங்கள்.

பிராப்பர்ட்டீஸில் ஒரு வேடிக்கையும் தட்டுப்படலாம். என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான ஃபைல்சிஸ்டம்) டிஸ்கில் சில நூறு பைட் மட்டுமே உள்ள கோப்புக்கு "டிஸ்கில் அளவு 0" என்று காட்டும். பயப்பட வேண்டாம். அவ்வளவு சின்னக் கோப்பை அது தன் மாஸ்டர் அட்டவணைப் பதிவுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது, தனியாக ஒரு கிளஸ்டர் செலவழிப்பதில்லை.

தீர்வு, டிஸ்க் எங்கெங்கே போகும் என்பதைப் பொறுத்தது. விண்டோஸில் மட்டும் என்றால் 4 கேபி என்டிஎஃப்எஸ். லினக்ஸில் மட்டும் என்றால் ஈஎக்ஸ்டி4. டிவி, கேமரா, மேக் என்று ஊர் சுற்றும் டிஸ்க் எக்ஸ்ஃபேட்டாகவே இருக்கட்டும். சின்னக் கோப்புகளை மட்டும் டார் அல்லது ஜிப் போட்டு ஒரே கோப்பாக வையுங்கள். எக்ஸ்ஃபேட்டையே 32 கேபி கிளஸ்டரோடு ஃபார்மேட் செய்யவும் முடியும், விண்டோஸ் ஃபார்மேட் பெட்டியில் அலொகேஷன் யூனிட் சைஸ் என்ற இடத்தில் மாற்றலாம். காப்பி செய்யும் வேகத்துக்கும் சேர்த்து யோசித்தால் ஒரே கோப்பாகக் கட்டிவைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

படம், வீடியோ மட்டும்தான். 64 கேபி போட்டால் வேகம் கூடுமா?

ஈஎக்ஸ்டி4-இல் கூடாது. பெரிய கோப்பை எழுதும்போது அது ஒவ்வொரு 4 கேபியாகத் தேடிப் போவதில்லை. அடுத்தடுத்த பிளாக்குகளை எக்ஸ்டென்ட் என்று ஒரே துண்டாகக் குறித்துக்கொள்ளும். ஓர் எக்ஸ்டென்ட் 32,768 பிளாக் வரை, அதாவது 128 எம்பி வரை போகலாம். புது டிஸ்கில் எழுதிய ஒரு 4 ஜிபி படத்தின் மேல் ஃபைல்ஃப்ராக் மைனஸ் வி ஓட்டிப் பாருங்கள். சில பத்து வரிகள்தான் வரும். பிளாக்கைப் பெரிதாக்கி இதில் மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை.

என்டிஎஃப்எஸ்ஸில் பெரிய வீடியோ மட்டும் வைக்கும் டிஸ்குக்கு 64 கேபி போடுவது தவறல்ல. ஆனால் 4 கேபிக்கு மேல் போனால் என்டிஎஃப்எஸ் கம்ப்ரெஷன் வேலை செய்யாது.

சின்னக் கோப்புகளை எழுதும்போது மட்டும் டிஸ்க் நத்தையாகிறது

2011 வாக்கில் தயாரிப்பாளர்கள் அட்வான்ஸ்டு ஃபார்மேட்டுக்கு மாறினார்கள். உள்ளே செக்டர் 4096 பைட். வெளியே பழைய கணினிகளுக்காக 512 என்று சொல்லிக்கொள்ளும். எஃப்டிஸ்க் மைனஸ் எல் போட்டால் செக்டர் அளவு "512 / 4096" என்று இரண்டு எண் வரும். முதலாவது சொல்லிக்கொள்வது, இரண்டாவது உண்மை. யுஎஸ்பி பெட்டி வழியாகப் பார்த்தால் சில சமயம் இரண்டாவது எண்ணும் 512 என்றே வரும், அதை நம்பாதீர்கள்.

பழைய டாஸ் வழக்கப்படி பார்ட்டிஷன் 63-ஆம் செக்டரில் தொடங்கும். 63-ஐ 512-ஆல் பெருக்கினால் 32,256. இதை 4096-ஆல் வகுத்தால் 7.875. மீதம் வருகிறது என்றால் உங்கள் ஒவ்வொரு 4 கேபி பிளாக்கும் இரண்டு அசல் செக்டர்களின் மேல் காலை அகட்டி உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். ஒரு பிளாக் எழுத வேண்டுமானால் டிஸ்க் இரண்டு செக்டரையும் படித்து, திருத்தி, திரும்ப எழுத வேண்டும். படித்த செக்டர் தலைக்கு அடியில் மறுபடி வரும்வரை தட்டு ஒரு முழுச் சுற்று சுற்றியாக வேண்டும்: 7200 ஆர்பிஎம்மில் 8.3 மில்லிசெகண்ட், 5400-இல் 11. பெரிய கோப்பு எழுதும்போது இது தெரியாது. ஆயிரக்கணக்கில் சின்னக் கோப்பு எழுதும்போது உயிரை வாங்கும்.

இப்போதைய எஃப்டிஸ்க், பார்ட்டட், விண்டோஸ் எல்லாமே 2048-ஆம் செக்டரில், அதாவது சரியாக 1 எம்பியில்தான் தொடங்கும். அதனால் புது டிஸ்கில் இது தானாக வராது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து டிஸ்கை அப்படியே குளோன் செய்து புது டிஸ்கில் இறக்கும்போது பழைய 63-உம் சேர்ந்து வந்துவிடும். சோதனை எளிது. எஃப்டிஸ்க் பட்டியலில் தொடக்க செக்டர் 8-ஆல் மீதமின்றி வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் எஃப்டிஸ்கே கீழே ஒரு வரி எச்சரிக்கையும் போடும். தீர்வு: குளோனை விட்டுவிட்டு, புதுப் பார்ட்டிஷன் போட்டு, கோப்புகளாக காப்பி செய்யுங்கள்.

தொடக்கம் சரி, அப்புறமும் மெதுவாக இருக்கிறது என்றால் டிஸ்க் எஸ்எம்ஆர் வகையா (தடங்களை ஒன்றன் மேல் ஒன்று சற்றுப் படியும்படி எழுதும் வகை) என்று மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் பட்டியலில் பாருங்கள். காப்பி முதலில் சீறிக்கொண்டு போய், சில பத்து ஜிபி தாண்டியதும் படுத்துவிடுவது அதன் அடையாளம். அதற்கு எந்தப் பிளாக் அளவும் மருந்தல்ல.

யுஎஸ்பி பெட்டியிலிருந்து கழற்றி சாட்டாவில் (கணினிக்குள் நேரடி இணைப்பு) மாட்டினால் டிஸ்க் காலி என்கிறது

முதலில் ஒன்று: விண்டோஸ் "இனிஷியலைஸ் செய்யவா?" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். தரவு அங்கேயேதான் இருக்கிறது.

பழைய எம்பிஆர் பார்ட்டிஷன் அட்டவணையில் 512 பைட் செக்டரை வைத்து 2.2 டிபிக்கு மேல் எண்ண முடியாது. அதற்கு மேற்பட்ட டிஸ்க் எக்ஸ்பியிலும் தெரிய வேண்டும் என்பதற்காகச் சில பெட்டிகளின் உள்ளிருக்கும் சிப், டிஸ்கின் செக்டர் 4096 பைட் என்று கணினியிடம் சொல்லும். பெட்டிக்குள் இருந்தபோது எழுதிய அட்டவணையில் எல்லா எண்ணும் அந்தக் கணக்கில்தான் இருக்கும். 256-ஆம் செக்டர் என்று எழுதியிருந்தால் அது 1 எம்பி. சாட்டாவில் மாட்டியதும் அதே 256, 512-ஆல் பெருக்கப்பட்டு 128 கேபி ஆகிவிடுகிறது. எம்பிஆருக்குப் பிறகு வந்த ஜிபிடி அட்டவணையாக இருந்தால் இன்னும் மோசம். அதன் தலைப்பு 1-ஆம் செக்டரில் இருக்க வேண்டும். கணினி 512-ஆவது பைட்டில் தேடும், தலைப்போ 4096-ஆவது பைட்டில் இருக்கும்.

சுலபமான வழி, டிஸ்கைத் திரும்பப் பெட்டியில் போட்டுத் தரவை எடுப்பது. பெட்டி செத்துப்போயிருந்தால் லினக்ஸில் லோசெட்டப் கட்டளைக்கு செக்டர்-சைஸ் 4096 என்றும், பார்ட்டிஷன் தேடும் தேர்வும் (மைனஸ் பெரிய பி), படிக்க மட்டும் என்ற தேர்வும் (மைனஸ் ஆர்) கொடுத்து அந்த டிஸ்கை ஒரு லூப் கருவியாகத் திறங்கள். பார்ட்டிஷன்கள் தெரிய ஆரம்பிக்கும். மவுன்ட் செய்து காப்பி எடுத்துக்கொண்டு, பிறகு சாட்டாவில் வைத்தே புதிதாகப் பிரியுங்கள்.

ஒரு கணினியில் மவுன்ட் ஆகிறது, இன்னொன்றில் ஆகவில்லை

கர்னலின் செய்திகளைக் காட்டும் டிஎம்இஎஸ்ஜி கட்டளையின் வெளியீட்டில் கடைசி வரிகளில் பிளாக் அளவு தவறு என்று ஈஎக்ஸ்டி4 சொல்லியிருந்தால், பக்கத்தில் 16384 அல்லது 65536 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். ஈஎக்ஸ்டி4 வெகுகாலமாகக் கர்னலின் பேஜ் அளவைவிடப் பெரிய பிளாக்கை மவுன்ட் செய்ததில்லை. சாதாரண இன்டெல், ஏஎம்டி கணினியில் பேஜ் 4 கேபி. ராஸ்பெர்ரி பை 5-இன் வழக்கமான கர்னலில் 16 கேபி. பவர்பிசி சிப்பில் ஓடிய சில பழைய நாஸ் பெட்டிகளில் (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) 64 கேபி. உங்கள் கணினியில் எவ்வளவு என்று கெட்கான்ஃப் பேஜ்சைஸ் சொல்லும் (பேஜ்சைஸ் முழுக்கப் பெரிய எழுத்தில்).

பெரிய பிளாக் கேட்டால் எம்கேஎஃப்எஸ் "இந்தக் கணினிக்கு இது அதிகம், தொடரவா?" என்று கேட்கத்தான் செய்கிறது. கேள்வியைப் படிக்காமல் ஒய் தட்டிவிட்டு வருபவர்கள்தான் அதிகம். செத்த நாஸ் பெட்டியிலிருந்து கழற்றிய டிஸ்க் என்றால் நீங்கள் எதுவும் தட்டியிருக்கவே மாட்டீர்கள், பெட்டி தானாகப் போட்டது.

தரவை மீட்க ஃப்யூஸ்2எஃப்எஸ் உதவும். அது கர்னலுக்கு வெளியே சாதாரண புரோகிராமாக ஓடுவதால் பேஜ் அளவு அதைக் கட்டுப்படுத்தாது. படிக்க மட்டும் என்று திறந்து, வேறு டிஸ்குக்கு காப்பி எடுங்கள். மெதுவாகத்தான் போகும். எக்ஸ்எஃப்எஸ்ஸில் இந்தத் தடை 2024 நவம்பரில் வந்த 6.12 கர்னலிலிருந்து நீங்கியது. ஆனால் பழைய கர்னல் உள்ள கணினிக்கும் போகப்போகும் டிஸ்க் என்றால் அதிலும் 4096-லேயே நில்லுங்கள்.

என்டிஎஃப்எஸ் வால்யூம் 16 டிபிக்கு மேல் விரிய மறுக்கிறது

ரெய்டில் (பல டிஸ்குகளை ஒன்றாக இணைத்த தொகுப்பு) டிஸ்க் சேர்த்து இடம் பெருகிவிட்டது, வால்யூமை விரித்தால் கிளஸ்டர் எண்ணிக்கை எல்லை மீறுகிறது என்ற பிழை. என்டிஎஃப்எஸ் ஒரு வால்யூமில் சுமார் 429 கோடி கிளஸ்டர்தான் எண்ணும். 4 கேபி வீதம் அது 16 டிபி. என்றாவது அதைத் தாண்டும் என்று தெரிந்தால் முதல் நாளே 8 அல்லது 16 கேபி போட்டிருக்க வேண்டும். 4096-ஐத் தொடாதே என்ற பேச்சுக்கு நான் ஒப்புக்கொள்ளும் விலக்கு இது. இப்போது மிஞ்சியிருப்பது இரண்டு வழி: கூடுதல் இடத்தை இரண்டாவது வால்யூமாக வைத்துக்கொள்வது, அல்லது 16 டிபியையும் வெளியே எடுத்துவிட்டு மறுபடி ஃபார்மேட் செய்வது.

ஃபார்மேட் முடிந்தும் டிஸ்க் ஓயாமல் டிக் டிக் என்கிறது

பழுதல்ல. ஈஎக்ஸ்டி4 ஃபார்மேட் சில விநாடியில் முடிவதற்குக் காரணமே, ஐநோடு அட்டவணையை முழுக்க எழுதாமல் பாதியில் விடுவதுதான். முதல்முறை மவுன்ட் ஆனதும் கர்னல் அந்த 60 ஜிபி சொச்சத்தைப் பின்னணியில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதும். ஐஓடாப் கருவியில் ஈஎக்ஸ்டி4லேஸிஇனிட் என்ற பெயர் மேலே தெரிந்தால் அதுவேதான். இந்த நேரத்தில் வேக சோதனை ஓட்டி, வரும் எண்ணைப் பார்த்து டிஸ்கைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பாதீர்கள். காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால், ஃபார்மேட் கட்டளையில் மைனஸ் பெரிய ஈ கொடுத்து லேஸி_ஐடேபிள்_இனிட் மதிப்பை 0 ஆக்குங்கள். ஃபார்மேட் நேரம் கூடும், ஆனால் முடிந்தது என்றால் முடிந்ததுதான். லார்ஜ்ஃபைல் போட்டவர்களுக்கு எழுத இருப்பதே 1 ஜிபிதான் என்பதால் இந்தச் சத்தம் சீக்கிரமே அடங்கிவிடும்.